எந்திரிக்குமா

காந்திபுரத்தில் மூன்றாவது கடை.
"ஐநூறு ஜிபி போதுங்களா, ஒரு டெரா பாக்கறீங்களா?"
கடலை மிட்டாய் அளவுதான் இருந்தது.
வேகம், சூடு, வாரண்டி, ஒயர்
எல்லாத்துக்கும் பதில் வைத்திருந்தார்.
"இதுலிருந்தே கம்ப்யூட்டர் எந்திரிக்குமுங்களா?"
என்றதும்
அட்டையைத் திருப்பிப் பார்த்தார்.

போன மாசம், கப்பலுக்கு ரெண்டு நாள் இருக்க,
கறுப்புத் திரையில் ஒரு வெள்ளைக் கோடு
விட்டு விட்டுத் துடித்தது.
பேட்டர்ன் எல்லாம் பென்டிரைவில் பத்திரம்.
திறக்கத்தான் ஏதுமில்லை.
நாற்பது டெய்லர்கள் டீ குடித்தார்கள்,
மறுபடி டீ குடித்தார்கள்.
"ஆச்சுங்களா வஞ்சியக்கா?"

அனுப்பர்பாளையத்தில் இன்று ராத்திரி
உள்ளிருந்ததைக் கழற்றி
ஸ்கேல் பக்கத்தில் வைத்துவிட்டு
புதுசைச் செருகி அமுக்கினேன்.
விசிறி சுற்றியது.
எந்திரிச்சிருச்சு.

வியாழக்கிழமை எடுத்த நகல்.
வெள்ளிக்கிழமை ரத்தான டென்மார்க் ஆர்டர்
அதற்குத் தெரியாது.
பச்சைக் கோடிட்ட குழந்தைச் சட்டை,
வலது கை முடிந்து
இடது கை பாதியில்.

அணைத்திருக்கலாம்.
சோதனை முடிந்துவிட்டது.
நாற்காலியை இழுத்துப் போட்டு
அக்குள் வளைவை
அரை சென்டிமீட்டர் இறக்கினேன்.