மெயின் சுவிட்ச்

அன்றைக்குக் கரண்ட் போனதாகத்தான்
பல்லடம் ஸ்டேஷனில் எழுதியிருக்கிறது.
நாலு மணி பத்து. பதினோரு நிமிஷம்.
அப்பா சொல்லச் சொல்ல ஏட்டு எழுதினார்.
நான் பெஞ்சின் அடியில் ஒட்டியிருந்த
காய்ந்த சூயிங்கத்தைச் சுரண்டிக்கொண்டிருந்தேன்.

கரண்ட் போகவில்லை.
நான்தான் அமர்த்தினேன்.

கண்ணாமூச்சியில் என் முறை.
பதினாறு தறி ஓடுகிற வீட்டில்
ஒளிந்தவனைக் காதால் பிடிக்க முடியாது.
கோன் பெட்டிக்குப் பின்னாலோ பாவு உருளைச் சந்திலோ
எங்கிருந்தாலும் யுகேஷ் சிரித்துவிடுவான்,
ஆறு வயசு, அடக்கத் தெரியாது.
ஸ்டூல் போட்டு ஏறிக் கைப்பிடியைக் கீழே இழுத்தேன்.
நாடாக்கள் பாதி வழியில் நின்றன.

சிரிப்பு வரவில்லை.
பொடக்காணியில் ஒரு எக்ஸெல் வண்டி
மூணு தடவை இருமியது.
நாலாவதில் பிடித்தது.

அதே வண்டியில், சென்னியப்பன் மாமாவுக்குப் பின்னால்
உட்கார்ந்து ஊர் ஊராய்ப் போயிருக்கிறேன்.
வாய்க்கால் மதகெல்லாம் இறங்கித் தேடியது மாமாதான்.
போஸ்டர் அடிக்க எருமையை விற்றதும் அவர்தான்.
கிணற்றை எட்டிப் பார்க்கும்போது
என் கண்ணைப் பொத்துவார். கையில் பீடி வாசம்.
சாளைக்காட்டுக் கிணற்றுக்கு மட்டும் போகவேயில்லை.
"அது வத்தின கெணறு அம்மிணி."

அம்மா ஜூன் மாசமானால் யூனிபார்ம் தைக்கக் கொடுப்பாள்.
"எதுத்தூட்டுப் பையன் ஒசரத்துக்கு வையுங்க,
ஒரு வெரக்கடை கூட்டியே வையுங்க."
டெய்லர் இப்போதெல்லாம் எதுவும் கேட்பதில்லை.
பீரோவில் ஏழு ஜோடி, மடிப்புக் கலையாமல்.

அப்பா பொங்கலுக்கும் தறியை நிறுத்துவதில்லை.
கூலி கட்டாத மாசத்திலும் ஓட்டினார்.
நின்றால் தலை வலிக்கிறதாம்.

வருஷத்துக்கொரு தடவை சாமியிடம் பூக் கேட்போம்.
வெள்ளை வந்தால் இருக்கிறான்.
செவப்பு வந்தால் என்னவென்று யாரும் சொன்னதில்லை.
பொட்டணம் மடிப்பது மாமா. எப்போதும் வெள்ளை.
போன ஆடியில், எடுக்காமல் விட்ட பொட்டணத்தைப் பிரித்தேன்.
அதிலும் வெள்ளை.
பிரியமாகவும் இருக்கலாம்.
அன்று ராத்திரி முழுக்க, பிரியமாகவே இருக்கட்டும் என்று
பல்லைக் கடித்துக்கொண்டு படுத்திருந்தேன்.

போன மாசம் லைன்மேன் ஆறுக்குட்டி
டீ குடித்தபடி பேச்சுவாக்கில் சொன்னார்:
"அந்த மாசம் நம்ம லைன்ல ஒரு நிமிசங்கூட கட் இல்லீங்களே.
எம் புள்ள பொறந்த மாசமுங்க, மறக்குமா?"
அப்பா என்னைப் பார்க்கவில்லை.
மெயின் சுவிட்சைப் பார்த்தார்.
பிறகு அதன் உயரத்தை.
பிறகு ஸ்டூலை.

இன்று நிஜமாகவே போய்விட்டது.
வெள்ளிக்கிழமை ராத்திரி, எட்டரை.
தறிகள் அடங்கியதும் காதுக்குள் குளவி இரைந்தது.
தார்க்கூடைப் பக்கமிருந்து அம்மாவின் குரல்:
"அந்த வண்டிச் சத்தம் எனக்குங் கேட்டுச்சு அம்மிணி."
எந்த வண்டி என்று நான் கேட்கவில்லை.
"நான் அந்துபோன நூலை முடிஞ்சுட்டிருந்தேன்.
முடிஞ்சுட்டேதான் இருந்தேன்."

கரண்ட் வந்தது.
வீட்டு பல்பு எரிந்தது. தறி ஓடவில்லை.
கைப்பிடியைக் கீழே இழுத்துப் பிடித்தபடி
அப்பா நின்றிருந்தார்.
எவ்வளவு நேரமாக என்று தெரியவில்லை.

பொடக்காணியில் வண்டி வந்து நின்றது.
தேங்காய்ப் பழத்தோடு மாமா.
"ஏனுங்க மச்சான், கரண்டு வந்தும் ஓட்டலீங்களா?"

"சென்னியப்பா," என்றார் அப்பா, மெதுவாக,
"அந்த வண்டிய இன்னொருக்கா ஸ்டார்ட் பண்ணு."

மாமா சிரித்தார். எங்கள் முகங்களைப் பார்த்தார்.
தேங்காயைக் கீழே வைத்துவிட்டு மிதித்தார்.

மூணு தடவை இருமியது.

நாலாவதுக்கு
நாங்கள் மூணு பேரும் காத்திருந்தோம்.