மூன்றாம் பந்தியில் ஒரு ஃபார்

புதுக்கடையில், நீதிமன்றச் சந்துக்கு எதிரே,
போட்டோக்கொப்பிக் கடையின் பின்பாதி என் அலுவலகம்.
பிறப்பு, இறப்பு, விவாகம், விவாகரத்து,
எல்லாவற்றுக்கும் ஒரே ரப்பர் முத்திரை:
சத்தியப்பிரமாண மொழிபெயர்ப்பாளர்.
சத்தியம் செய்தது முத்திரைதான்.
எனக்குச் சந்தேகங்கள் உண்டு.

இன்று வந்தவர் லூர்துநாயகம்,
கொட்டாஞ்சேனை, வயது அறுபத்தெட்டு,
துறைமுகத்தில் கிரேன் ஓட்டி ஓய்வுபெற்றவர்.
தம்பி கஸ்பாரின் லோயர் அனுப்பிய கடிதத்தைப்
பலசரக்குப் பையிலிருந்து எடுத்து நீட்டினார்.
சீனி ஒட்டியிருந்தது.

ஒரே வீடு. நடுவில் சுவர்.
அது அரையடி இந்தப் பக்கமா
அந்தப் பக்கமா என்பது வழக்கு.

ஒன்றரைப் பக்க ஆங்கிலத்தில் நான்கு ஃபார்.
முதலாவது லேசு: என் கட்சிக்காரர் அறிந்தவரை.
இரண்டாவதில் தூரமே இல்லை:
இதுவரை பதில் கிடைக்கவில்லை.
அவர்கள் காலத்தையும் காலால் நடந்தே கடக்கிறார்கள்.
அடுத்தது வெறும் உப்பு. சுவர் உயரமாம்,
சும்மா உயரமில்லை, ஃபார் போட்ட உயரம்.
ஒரு "மிக" இருந்த இடத்தில் இரண்டு வைத்தேன்.

மூன்றாம் பந்தியின் கடைசி வரியில் பேனா நின்றது.
அண்ணன்காரர் டூ ஃபார் போய்விட்டாராம்.

எல்லை மீறிவிட்டீர் என்று எழுதலாம்.
ஆனால் இது எல்லை வழக்கு.
கோபத்தில் சொன்னதை
நில அளவையாளர் சங்கிலி போட்டு அளப்பார்.
வரம்பு கடந்தீர்? அதுவும் வயலுக்குள்ளேதான் போகிறது.
அளவு மிஞ்சினீர்? அளவு என்றதும்
அந்த அரையடி வந்து மேசையில் குந்துகிறது.
காணித்துண்டு ஒன்று இல்லாமல்
எங்கள் மொழியில் ஒருவரும் கோபப்பட்டதில்லை போலும்.

வேறு வழியில்லை. சொல்லுக்குச் சொல் வாசித்தேன்:
நீர் மிகத் தூரம் போய்விட்டீர்.

லூர்துநாயகம் சிரித்த சிரிப்பில்
முன்பாதியில் மெஷின் ஓட்டும் பெடியன் எட்டிப் பார்த்தான்.
"நானா? எங்க போனன்?
பிறந்த அறையிலதான் இன்னும் படுக்கிறன்.
அவனும் ஒரு இடமும் போகல்ல.
ராவைக்கு ரெண்டு மணிக்கு இருமுவான்.
மூண்டு இருமல் எண்டா பனி.
நாலாவது வந்தா மருந்து முடிஞ்சுது.
காலையில வாங்கி அவன்ட கேட்டில கொழுவிட்டு வருவன்.
ஆர் வச்சதெண்டு அவன் கேக்கிறேல்ல."

இதையும் பதிலில் எழுதவா என்றேன்.
"வேணாம் மிஸ். அது வழக்கில இல்ல."

அவர் மாலுபாண் வாங்கப் போன நேரத்தில்
ரசீதுப் புத்தகத்தின் பின்னட்டையில்
எட்ட என்று கிறுக்கிப் பார்த்தேன்.
எட்டப் போ என்றால் விலகு.
எட்டிப் பிடி என்றால் தொடு.
இரண்டுக்கும் நடுவே ஆறங்குலம்கூட இராது,
அந்தப் பக்கம் யாரோ புரண்டு படுப்பது கேட்கும்.
இதை ஆங்கிலமாக்கித் தா என்று
ஒருவரும் இதுவரை வந்ததில்லை.
வந்தால் இரட்டைக் கட்டணம்.

திரும்பி வந்தவர் கண்ணாடி கொண்டுவரவில்லை.
கடித ஓரத்தில் பென்சிலால் நான் குறித்திருந்த
ஃபார் என்பதைக் கையை நீட்டித் தள்ளிப் பிடித்து வாசித்தார்:
"பார் எண்டு போட்டிருக்கு. எதைப் பார்க்கோணும்?"
ஆய்தத்தின் மூன்று புள்ளிகளையும்
சீனி என்று நினைத்து
விரலால் தட்டிவிட்டார்.

இரண்டு முப்பதுக்கு அவருடைய பஸ்.
முன்பணம் ஆயிரம் தந்தார், மிச்சம் வெள்ளிக்கிழமை.
மாலுபாணில் ஒன்று எனக்கு.
இன்னொன்றை டிஷ்யூவில் சுற்றிப் பைக்குள் வைத்தார்,
யாருக்கென்று நான் கேட்கவில்லை.

நான்காவது ஃபாருக்கு நேரே
இடம் விட்டிருக்கிறேன்,
ஒரு சொல் அகலம்.
ஐந்து மணிக்குக் கடை பூட்டுவார்கள்.