உட்படாது

ஜெலுத்தோங்கில் பகல் இரண்டு மணிக்கு
ஓட்டுக்கூரையின் கீழே தூங்கிப் பார்த்தவர்களுக்குத் தெரியும்,
இரவு ஷிப்ட் முடித்து வந்த உடம்பைக்
கட்டில் எப்படி வறுக்குமென்று.
கூரைக்கும் சீலிங்குக்கும் நடுவே
கண்ணாடிப் பஞ்சு போட்டால் சரியாகும் என்றார்கள்.
ஆயிரத்து எண்ணூறு வெள்ளி, மூன்று தவணை.

மஞ்சள் சுருள்கள் ஏணி ஏறின.
மேலே நடக்கும் சத்தம்.
பிறகு நடக்காத சத்தம்.
பிறகு, என் தலையணைக்கு நேர் மேலே
முழங்கால் வரைக்கும் ஒரு கால்.
சாம்பல் நிறச் சாக்ஸ், பெருவிரலில் பொத்தல்.
அது உள்ளே இழுத்துக்கொண்ட வழியில்
ஒரு முகம் எட்டிப் பார்த்து
"காக்கா, மாஃப்" என்றது.

பூன் கியாட் போனில் சொன்னார்:
கொட்டேஷனின் கடைசி வரியைப் பாருங்கள்.
பார்த்தேன். எறும்பு ஊர்ந்ததுபோல் எழுத்து:
சீலிங் பழுது இதில் உட்படாது.

வீட்டுக்காரர் தவமணி சொன்னார்:
பஞ்சு கேட்டது நீதானே, நானா கேட்டேன்?
மேலே சட்டமெல்லாம் பழசும்மா, உளுத்திருக்கும்.
உளுத்த சட்டம் யாருடையது என்றேன்.
சிக்னல் சரியில்லை என்று வைத்துவிட்டார்.

மறுபடி பூன் கியாட்:
ஏறியவன் என் ஆள் இல்லை, சப் காண்டிராக்ட்.
சப் காண்டிராக்ட்காரர் எண்
பயன்பாட்டில் இல்லை.

பதினொரு நாள்.
வீடே குளுகுளுவென்று இருக்க
என் தலைமாட்டில் மட்டும் இரண்டு சாண் வெயில்.
கழுத்தெல்லாம் பஞ்சுத் தூசி அரிப்பு.
ஃபேக்டரி அட்டைப்பெட்டியை வெட்டி
டேப் போட்டு ஒட்டினேன்;
"எளிதில் உடையும், தலைகீழாக வைக்காதீர்" என்று
படுத்தபடியே தினமும் படித்தேன்.

கடைசியில் கைக்காசுதான்.
அஸார் வந்தார், பக்கெட்டில் பிளாஸ்டர் கலக்கினார்,
அட்டையைப் பிய்த்து
உடைந்த விளிம்பை விரலால் தடவினார்.
இது என்ன, துருவா?

ஆணி இல்லாத இடத்தில் ஏது துரு.

அன்றைக்கு அவன் ஏணி இறங்கும்போது
ஒரு கையால் கணுக்காலுக்கு மேலே பொத்தியிருந்தான்.
நான் மெத்தையில் விழுந்த தூளைத் தட்டிக்கொண்டிருந்தேன்.
அப்புறம் எத்தனை போன், எத்தனை படம் அனுப்பினேன்,
ஓட்டையை நான்கு கோணத்தில்.
பேர்கூடக் கேட்கவில்லை.

"மேலே எத்தனை வெள்ளையடித்தாலும்
இது கசிந்து வெளியே வரும்" என்றார் அஸார்.
"முதலில் சீலர் ஒரு கோட் பூசணும்.
நாற்பது வெள்ளி.
அது நான் சொன்ன விலையில் உட்படாது."