முகத்துவாரத்திலிருந்து ஆதனூர் வரை

ஞாயிறு நாலே முக்காலுக்கு
உடைந்த பாலத்தருகே சேர்ந்தோம்.
மூன்று சைக்கிள், நான்கு விளக்கு,
ஒரு சீப்பு மலைவாழை.
மெகருன்னிசாவின் பையில் எப்போதும்போல்
எல்லோருக்கும் சேர்த்து ஒரே பம்பு.

ஆற்றோடு போகிறோம் என்று
வீட்டில் சொல்லிவிட்டு வந்திருந்தேன்.
“எந்த ஆறு?” என்றார் போர்வைக்குள்ளிருந்து.
அடையாறு என்றதும்
மூக்கைப் பொத்திக் காட்டிவிட்டுத்
திரும்பிப் படுத்துக்கொண்டார்.

மேடு என்றால் எங்களுக்கு மேம்பாலம்.
பள்ளத்தாக்கு என்றால் சுரங்கப்பாதை,
மழைநாளில் அதுவே ஏரி.
குன்னூர் வரை மிதித்தே ஏறிய பிரான்சிஸ் துரை
இந்த ஊரில் கியர் வாங்குவது தண்டச் செலவு என்பான்,
தானும் வாங்கி வைத்துக்கொண்டு.

திரு.வி.க. பாலம். கோட்டூர்புரம்.
ஒவ்வொரு பாலத்திலும் நின்று
கைப்பிடிச் சுவருக்கு மேல் எட்டிப் பார்த்தோம்,
வகுப்பில் பெயர் கூப்பிடுவதுபோல.
ஆறு வந்திருந்தது,
கடைசி பெஞ்சில்,
ஆகாயத்தாமரைக்கு அடியில் தலையைக் குனிந்துகொண்டு.
சைதாப்பேட்டையில் வெளிச்சம் வந்தபோது
ஒரேயொரு நீர்க்காகம் அதை நம்பி
இறக்கை விரித்துக் காய்ந்துகொண்டிருந்தது.

மீனம்பாக்கத்தில்
விமான ஓடுபாதைக்கு அடியில் புகுந்துகொண்டது.
அதற்கு அனுமதி உண்டு; எங்களுக்கில்லை.
மணப்பாக்கம், கொளப்பாக்கம், கெருகம்பாக்கம் என்று
மதில் மதிலாகச் சுற்றினோம்.
தலைக்கு மேல் ஒரு விமானம்
சக்கரங்களை மடக்கிக்கொண்டு போனது.
“குடுத்து வச்சவங்க” என்றாள் மெகர்.

திருநீர்மலை தாண்டியதும்
எனக்குத் தொடை கனக்கத் தொடங்கியது.
எதிர்க்காற்றில்லை. டயர் கல்லாக இருந்தது.
பிரேக் உரசுகிறதோ என்று
இரண்டு முறை இறங்கிச் சக்கரத்தைச் சுழற்றினேன்.
நன்றாகத்தான் சுழன்றது.
சாலை எதிரே
சப்பாத்திப் பலகைபோலக் கிடந்தது.

முடிச்சூர் போய், வரதராஜபுரத்தில்
பெட்டிக்கடைச் சுவரில் ஒரு நீலக் கோடு,
காலண்டர் ஆணிக்கும் மேலே.
அதன் கீழே தேதி மட்டும்: 2.12.15.
“வருசா வருசம் வெள்ளையடிப்பாரு,
கோட்ட மட்டும் விட்டுட்டு” என்றபடி
கடைக்காரப் பெண் கோலி சோடாவை அழுத்தினார்.
தண்ணீர் எந்தப் பக்கம் போனது என்று கேட்டேன்.
அவர் கை நீட்டியது
நாங்கள் வந்த வழி.

அப்படியென்றால் காலையிலிருந்து
ஏறிக்கொண்டுதான் இருந்திருக்கிறேன்.
கிலோமீட்டருக்கு முழங்காலளவு,
சில இடத்தில் கணுக்காலளவு,
மனை விற்றவர்களின் வரைபடத்தில் இல்லாத
ஒரு பள்ளத்தாக்கின் வழியாக.
கண் ஒத்துக்கொள்ளாத அந்தச் சரிவு
என் தொடைக்குத் தெரிந்தது.
தண்ணீருக்கு
அதற்கு முன்பே தெரியும்.

யாரும் ஒன்றும் பேசவில்லை.
கொஞ்ச தூரம் போனதும் பிரான்சிஸ்
சத்தமில்லாமல் கியரைக் குறைத்தான்.

ஆதனூர் ஏரிக்குப் போகும்போது மணி பத்தரை.
கலங்கல் காய்ந்து கிடந்தது,
அதன்மேல் யாரோ மிளகாய் காயப்போட்டிருந்தார்கள்.
இதுதான் ஆரம்பமா என்றால்
தூண்டில் போட்டிருந்த பையன் உதட்டைப் பிதுக்கினான்.
மணிமங்கலத்துப் பக்கம் ஒரு வாய்க்கால் இருக்காம்,
மலைப்பட்டில் இன்னொன்றாம்,
போனால் இன்னும் இருக்குமாம்.
ஏரிக்குக் கீழே ஓரிடத்தில்
முன்சக்கரத்தை அக்கரையிலும்
பின்சக்கரத்தை இக்கரையிலும் வைத்து நிறுத்தினேன்.
கீழே அயிரைக் குஞ்சுகளோடு
அடையாறு போய்க்கொண்டிருந்தது.
நாற்றமே இல்லை.
வீட்டுக்கு போன் போட்டுச் சொல்ல நினைத்து
சொல்லவில்லை.

திரும்பும்போது என் முன்டயர் போனது.
பம்பு இருந்தது; ஒட்டுவதற்குப் பசை
டியூபுக்குள்ளேயே காய்ந்துபோயிருந்தது.
மற்ற இருவரும் மிதித்து வர,
கொத்தமல்லிக் கட்டு ஏற்றிய குட்டியானை
என்னையும் சைக்கிளையும் தாம்பரம் வரை ஏற்றிக்கொண்டது.
“எங்கம்மா சுத்திட்டு வரீங்க?” என்றார் டிரைவர்.
மலைக்கு என்றேன்.
“எந்த மலை?” என்று கேட்டவர்
கண்ணாடியில் என்னை ஒருதரம் பார்த்துவிட்டு
குறுக்கே வந்த எருமைக்கு
ஹாரன் அடித்தார்.