கேன்

பெண்டிமியர் சாலையில் ஒரு விசாரணை அறை.
குளிரூட்டி என் பிடரிக்கு நேராகவே ஊதுகிறது.
அந்தப் பக்கம் பொற்செழியன்,
பேராவூரணிக்காரர், இடது காலில் மாவுக்கட்டு.
இந்தப் பக்கம் அதிகாரி க்வெக்.
நடுவில் நான், மணிக்கு இவ்வளவு வெள்ளி என்று
வார்த்தை மாற்றிக் கொடுப்பவள்.

"சாரத்தில் மூன்றாம் தட்டுக்கு ஏறச் சொன்னபோது
நீங்கள் என்ன சொன்னீர்கள்?"

"கேன்னு சொன்னேங்க."

இதை எதற்கு மாற்ற, ஆங்கிலம்தானே என்று
க்வெக்கின் பேனா தாளில் இறங்கிவிட்டது.
ஒரு நிமிடம், என்றேன்.

இதே சொல்லைக் காலையில் நாலு முறை செலவழித்திருந்தேன்.
காப்பிக்கடையில் சீனி குறைச்சு, கேன்?
நிரம்பிய மின்தூக்கிக்குள் இன்னும் ஓர் ஆள், கேன், கேன்.
மகளின் குறுஞ்செய்திக்குக் கேன் லா.
புளோக்கின் கீழே தள்ளுவண்டிக்காரர்
காலால் நசுக்கிக்கொண்டிருந்த பீர் தகரம், அதுவும் கேன்தான்;
வேறு வீட்டுப் பிள்ளை, முகம் மட்டும் ஒன்று.

பழைய ஆங்கிலத்தில் இதற்கு
அறிவேன் என்று பொருளாம். அகராதியில் பார்த்தது.
எனக்கு வியப்பாக இல்லை.
நீந்தத் தெரியுமா என்றுதானே நாமும் கேட்கிறோம்?
முடியுமா என்றும் கேட்கிறோம்.
முடியும் என்றால் இயலும்.
முடியும் என்றால் தீர்ந்துபோகும்.

பூன் ஹெங் கீழிருந்து கத்தியது:
"கேன் ஆர் நாட்?"
அதில் நாட் வெறும் வால்.
பிடித்து இழுத்தவன் அடுத்த மாதம் ஊரில் இருப்பான்.

"என்ன நெனச்சு கேன்னு சொன்னீங்க?"

அவர் மாவுக்கட்டைப் பார்த்தார்.
"ஏறத் தெரியும். ஏற முடியும்.
மழை விட்டுப் பத்து நிமிஷங்கூட ஆகல.
இடுப்பு வாரு இல்லாம ஏறலாமான்னு
அவரு கேக்கலைங்க, நானும் கேக்கல.
கேட்டா கேன்னு சொல்லணும்.
அதாங்க இங்க வந்து மொதல்ல கத்துக்கிட்ட இங்கிலீஷு."

"ஆக, ஒப்புக்கொண்டார்?" என்றார் க்வெக்.
கெட்டவர் இல்லை. மதியச் சாப்பாட்டு நேரம்.

படிவத்தில் பதிலுக்கு ஒரே ஒரு கோடு.
கேன் என்று எழுதி மேற்கோள் குறி இட்டால் போதாது,
கூடவே ஒரு குறிப்பு வேண்டும் என்றேன்.
"இடமில்லை."

தாளைத் திருப்பிக் காட்டினேன்.
முழு வெள்ளை.
இந்தப் பக்கம் எழுதலாமா?

கடிகாரத்தைப் பார்த்தார்.
அந்தக் காலைப் பார்த்தார்.
பேனா மூடியைத் திறந்து, மூடி, மறுபடி திறந்து,
"கேன்," என்றார்.