தற்காலிகக் குரல்

கிளெண்டேலில், ஜன்னல் இல்லாத இரண்டாம் மாடியில்
நான் சம்பளக் கணக்கு பார்க்கிறேன்.
படம் வரைகிறவர்கள் நூற்றுப் பன்னிரண்டு பேர்.
மயிர் மட்டும் செய்பவருக்குத் தனி விகிதம்,
தண்ணீர் மட்டும் செய்பவருக்குத் தனி.

ஒரு வியாழன், மதியச் சாப்பாட்டுக்கு முன்,
ஹாலரன் வந்து கதவில் சாய்ந்தான்:
"ஷுஷான், நீ காரில் பாடுவாயாமே?
பார்க்கிங் முழுக்கக் கேட்கிறதாம்."

நடிகை இன்னும் முடிவாகவில்லை.
ஆனால் ஒட்டகத்தின் வாய் அசைந்தாக வேண்டும்.
அசைய ஒரு பாட்டு வேண்டும்.
பாட்டுக்கு ஒரு தொண்டை,
யாருடையதாயிருந்தாலும் சரி.

கதை இதுதான்:
இடிபடப்போகும் ஒரு நாடகக் கொட்டகை.
ஒப்பந்தங்களை அலகுப் பையில் போட்டுக்கொண்டு
ஈரக் கையெழுத்துகளோடு அலையும் கூழைக்கடா.
வெளிச்சம் பட்டால் மயங்கிவிழும் வௌவால் மந்திரவாதி.
ஒரு கால் குட்டையான நாரை;
அது வந்திருப்பது நடனத்துக்கு.
முன்வரிசையில், விமர்சகராக, பிணந்தின்னிக் கழுகு.
பிறகு மிர்ட்டில்:
பகலெல்லாம் சலவைக்கடையில் மூட்டை சுமந்துவிட்டு
இரவு ஒன்பதரைக்கு மேடையேறும் ஒட்டகம்.
ஒட்டகத்துக்கு உடம்பெல்லாம் கோணல்.
குரல் ஒன்றாவது நேராக வருமா
என்பதுதான் படம்.

நுரைப்பஞ்சு ஒட்டிய அறையில் நின்றேன்.
முதல் தடவை சிரித்துவிட்டேன்.
இரண்டாம் தடவை உச்சம் எட்டவில்லை.
இடது புருவத்தை உயர்த்தி அதைப் பிடித்தேன்,
அலமாரி உச்சியிலிருக்கும் ஜாடியை
விரல்நுனியால் நகர்த்தி நகர்த்தி எடுப்பதுபோல.
கடைசி அடிக்கு முன் மூச்சு தீர்ந்தது.
நின்றேன். இழுத்தேன். முடித்தேன்.
ஹாலரன் வீடியோவும் எடுத்துக்கொண்டிருந்ததை
அப்போது கவனிக்கவில்லை.

கூலி நூற்றைம்பது டாலர்.
அந்தக் காசோலையையும் நானே போட்டேன்,
'இதர செலவுகள்' என்ற தலைப்பில்.

பதினொரு மாதம் கழித்து நடிகை வந்தார்.
வெந்நீர் தனி, தேன் தனி, நாற்காலி தனி.
இரண்டே மணி நேரம்.
பொய் சொல்லமாட்டேன், என்னுடையதைவிட
மூன்று மடங்கு நல்ல குரல்.
அவருடைய காசோலையும் என் மேசை வழியாகத்தான் போனது.
பூஜ்யங்களை இரண்டு முறை எண்ணினேன்.
எண்ணுவது என் வேலை.

என் பாட்டை அழித்துவிட்டார்கள்.
வைத்திருந்தால் குழப்பம் வரும்.

செவ்வாய்க்கிழமைகளில் டிக்கெட் பாதி விலை.
தனியாகத்தான் போனேன்.
மிர்ட்டில் மூட்டையை இறக்கிவைத்தாள்,
தொண்டையைச் செருமினாள், தொடங்கினாள்.
உச்சத்துக்கு ஏறும்போது
அவள் இடது புருவம் உயர்ந்தது.

நடிகையின் குரல் அந்த இடத்தை
ஈரத்தரையில் சோப்புக்கட்டி போல
வழுக்கிக் கடந்தது.
புருவத்துக்கு அங்கே வேலையே இல்லை.
இருந்தும் உயர்ந்தது.

பிறகு கடைசி அடி.
நடிகை நின்றார், திரையில் வாய் நின்றதால்.
அவர் மூச்சு வாங்கியிருந்தாலும்
சத்தத்தைத் துடைத்து எடுத்திருப்பார்கள்.
அந்த நீளக் கழுத்துக்குக் கீழே
விலா விரிந்தது, நாசி திறந்தது,
திமில் ஒரு விரற்கடை எழுந்தது,
ஒரு ஓசையும் இல்லாமல்.
அரை மாத்திரை இருக்கும்.
மெய்க்கு அவ்வளவுதானே அளவு.
அதை யாரோ மூன்று வாரம் உட்கார்ந்து செய்தார்கள்;
அந்த மூன்று வாரத்துக்கு
ஓவர்டைம் போட்டது நினைவிருக்கிறது.

இருட்டில் நான் மூச்சை இழுத்தேன்.
கொஞ்சம் சத்தமாகவே.
முன் இருக்கைப் பையன் வாயில் ஸ்ட்ராவோடு திரும்பினான்.
என்னைப் பார்த்தான், ஒட்டகத்தைப் பார்த்தான்,
மறுபடி என்னை.
அவன் அம்மா தலையைப் பிடித்துத்
திரைப்பக்கம் திருப்பிவிட்டாள்.

பெயர்கள் ஓடத் தொடங்கியதுமே விளக்கைப் போட்டார்கள்.
பெருக்குகிறவர்கள் வந்துவிட்டார்கள்.
கணக்குப் பிரிவில் நான்காவதாக நான்:
ஷுஷான் கெவோர்க்கியன்,
ஒரு எழுத்து குறைவாக.

நூற்றுப் பன்னிரண்டு பேரில் ஒருவர் பெயரையும்
நான் அப்படி விட்டதில்லை.