ஏழாவது வரி

தாளின் தலையில் சிவப்பு மையில் எச்சரிக்கை:
பிறர் பெயரைப் போடாதே. இரண்டு தரம் போடாதே.
வாக்காளர் பட்டியலில் இல்லையென்றால் பேனாவைத் தொடாதே.
மீறினால் அபராதம், அல்லது சிறை,
அல்லது இரண்டும்.
அந்த 'அல்லது இரண்டும்' எனக்குப் பிடிக்கும்.
நிறுத்துப் போட்ட பிறகு
கடைக்காரன் அள்ளிப்போடும் கொசுறு மாதிரி.

கிழக்கு ஓரிகன். தீவனக் கடை வாசல்.
காற்று புரட்டாதிருக்க
பலகையின் நான்கு மூலையிலும் கவ்வி.
கையெழுத்துக்கு இவ்வளவென்று கூலி வாங்குவது
இங்கே குற்றம். மணிக்கணக்குத்தான்.
ஆகவே எனக்கு அவசரம் இல்லை.
வைக்கோல் ஏற்ற வந்தவர்கள்
ஆழ்கிணறுகளுக்கு அளவு கேட்கும் மனுவை
முழுதாகப் படித்தார்கள், சிலர் வாய்விட்டே.
ஒருவன் தன் நாயின் பெயரை எழுதினான்.
அவனையே அடிக்கச் சொன்னேன்.
சிரித்துக்கொண்டே அடித்தான்.
நாய் என்னை மன்னிக்கவில்லை.

நான்கு மணிக்கு வெர்னா டாலெஃப்சன்.
ஆறாவது வரியில் பெயர், விலாசம், தேதி.
நிமிராமலே
பேனா ஏழாவதுக்கு இறங்கி
ஒரு புள்ளி வைத்தது.
"அது யாருக்கு?"
"என் வீட்டுக்காரருக்கு. வண்டியில் இருக்கிறார்."
"அவரேதான் போட வேண்டும், அம்மா."
காசோலை, வரி, மாட்டுக் கடன்,
பிள்ளைகளின் பள்ளிக்கூடத் தாள்,
நாற்பத்தொரு வருஷம்
பெயர் அவருடையது, கை என்னுடையது,
இதுவரை எந்த ஷெரிஃப் வந்தான்
என்று கேட்டாள்.
எனக்குப் பதில் தெரியாது.
எனக்குத் தெரிந்தது சிவப்பு மை மட்டும்.

பிக்கப் வண்டியின் கண்ணாடி இறங்கியது.
மூக்கில் குழாயோடு ஆரின்.
வலது கை மடியில் கிடந்தது,
யாரோ கழற்றி வைத்து மறந்த கையுறைபோல.
பலகையை நான் பிடித்தேன்.
பலகையைப் பிடிக்கலாம். விரலைப் பிடிக்கக்கூடாது.

இடது கையால் எழுதினார்.
ஒரு எழுத்து. மூச்சு.
ஒரு எழுத்து.
கட்டம் தாண்டி ஓடிய கோட்டை
வேலி தாண்டிய கன்றைப்போல்
மெல்லத் திருப்பி உள்ளே கொண்டுவந்தார்.
வெர்னா என்ஜினை அணைக்கவும் இல்லை,
எங்களைப் பார்க்கவும் இல்லை.
பன்னிரண்டு நிமிஷம்.
முடித்ததும் தலையைச் சாய்த்துப் பார்த்தார்,
அடுத்தவன் வீட்டுக் குழந்தையைப் பார்ப்பதுபோல்.
"எங்க கிணறு மார்ச்சிலேயே வத்திப்போச்சு."
மனுவைப் பற்றி அவர் சொன்னது அவ்வளவுதான்.

தாளின் அடியில் நான் போட்டேன்:
மேலுள்ள ஒவ்வொன்றும் என் கண்முன் இடப்பட்டது.
பொய்யென்றால் எனக்கும் அதே அபராதம்,
அதே அல்லது,
அதே இரண்டும்.

ஜூலையில் மாவட்ட அலுவலகம்.
பார்வையாளர் நாற்காலிகள் சுவரோரம்.
சரிபார்க்கும் பெண்ணின் கழுத்தட்டையில் மாரிசெலா.
ஒரு கண் தாளில், ஒரு கண் திரையில்,
விரல்மட்டும் கீழே கீழே.
ஆறு: பொருந்துகிறது.
ஏழு.
திரையில் பழைய பதிவு அட்டை எழுந்தது,
வலப்பக்கம் சாய்ந்து, இடறாமல் ஓடும் ஆரின் டாலெஃப்சன்,
கடைசி எழுத்தின் வால் மேலே ஏறி
ஒரு சின்னக் கண்ணி போட்டு நின்றது.

அந்தக் கண்ணியை நான் பார்த்திருக்கிறேன்.
ஒரு வரி மேலே,
மை இன்னும் மின்னிக்கொண்டிருந்தபோது.

மாரிசெலா பெரிதாக்கிப் பார்த்தாள்.
கோணலாக ஊர்ந்து போயிருந்த அந்தப் பெயரை,
அந்தப் பன்னிரண்டு நிமிஷத்தை,
இன்னொருத்தியைக் கூப்பிட்டுக் காட்டினாள்.
இருவரும் தலையசைத்தார்கள்.
பொருந்தவில்லை.

பார்வையாளர் பேசக்கூடாது என்பது அங்கே விதி,
கதவிலேயே ஒட்டியிருந்தார்கள்.
நான் எதைப் பேசுவது?
இது அவர் கை, அதுதான் அவள் கை என்றா?
அட்டையிலும் அடியில் சின்ன எழுத்து உண்டு,
அபராதம் என்று தொடங்கும்.

தொப்பியை மடிமேல் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன்.
கடைசியில் அடிவரிக்கு வந்தாள்,
என் பெயர், என் தேதி.
அது பொருந்தியது.